காரீயம் ஊட்டியவர்களை யார் கேட்பது?

சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை மூன்று தீர்ப்புகளை வழங்குகிறது. காற்றிலும் மண்ணிலும் கலந்த நஞ்சுக்கும் குற்றத்துக்கும் முடிச்சுப் போடுவது, அறிவியல் வேடம் பூண்ட சோதிடம் என்பது ஒன்று. குற்றத்தின் வேர் வளர்ப்பில்தான் இருக்கிறது, கண்டிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைதான் கத்தி எடுக்கிறான் என்பது இரண்டாவது. மாசைக் காரணமாகக் காட்டுகிறவர்கள் கொலைகாரனுக்கும் வழிப்பறிக்காரனுக்கும் வக்காலத்து வாங்குகிறார்கள் என்பது மூன்றாவது. கட்டுரையாளர் இவற்றைத் தயக்கமில்லாமல் எழுதியிருக்கிறார். நானும் தயக்கமில்லாமல் சொல்கிறேன்: மூன்றும் தவறு. முதல் தீர்ப்பு, படிக்க வேண்டியதைப் படிக்காமல் எழுதியது. இரண்டாவது, ஏற்கெனவே ஒரு நாட்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்களைப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பிய வாதத்தின் மறுபதிப்பு. மூன்றாவது, நஞ்சு வைத்தவரை விட்டுவிட்டு நஞ்சு உண்டவனைக் கூண்டில் ஏற்றுகிறது.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் காரீயம். நானும் அதிலேயே நிற்கிறேன். பெட்ரோலில் இருந்த காரீயத்தைப் பற்றி அத்தனை பத்திகள் எழுதியவர், அது பெட்ரோலுக்குள் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருடைய வாதம் இரண்டாம் பத்தியிலேயே நின்றிருக்கும்.

1921 டிசம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில், தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைப் பெட்ரோலில் மிகச் சிறிதளவு கலந்து, இன்ஜினின் நாக்கிங் என்னும் தட்டல் நிற்பதைக் கண்டார். எரிசாராயம் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அதே ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். எரிசாராயத்தை யாரும் காய்ச்சலாம். அதற்குக் காப்புரிமை கிடைக்காது. காரீயக் கலவைக்குக் கிடைக்கும். 1924இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அந்த அக்டோபரிலேயே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. இல்லாததைக் கண்டு அலறினார்கள். கட்டிப்போட்டுத்தான் சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. 5 பேர் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ட்யூபான்ட் நிறுவனத்தின் டீப்வாட்டர் ஆலையில் தொழிலாளர்கள் காற்றில் இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அவர்களே வைத்த பெயர் ‘பட்டாம்பூச்சி வீடு’.

மூளையைக் கலைத்து நடத்தையை மாற்றும் நஞ்சு இது என்பது 1924இலேயே பிணங்களோடு நிரூபணமாகிவிட்டது. 100 ஆண்டுகள் கழித்து, காரீயத்துக்கும் மனித நடத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கிறார் என்றால், அந்தத் தொழிலாளர்கள் செத்ததை அவர் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

1925 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் எச்சரித்தார். எத்தில் நிறுவனத்தின் தரப்பில் பேசிய ஃபிராங்க் ஹோவர்ட் இந்தக் காரீயத்தைக் கடவுளின் கொடை என்று வர்ணித்தார். நிறுத்தி வைத்திருந்த விற்பனை அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கியது. அதன்பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் காரீயத்தின் பாதுகாப்பைப் பற்றி அமெரிக்காவில் ஓங்கி ஒலித்த குரல் ராபர்ட் கீஹோ என்ற மருத்துவருடையது. அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்தவை அந்த நிறுவனங்களே. பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன் 1965இல் வந்து, மனித உடம்பில் இன்று இருக்கும் காரீயம் இயற்கையாக இருந்தது இல்லை, நாம் கொட்டியது என்று எழுதிய பிறகுதான் அந்த மௌனம் உடைந்தது. அதற்குள் ஒரு நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் புகைபோக்கி வழியாகக் காரீயம் வந்து படிந்திருந்தது. அந்த ஒரு நாட்டில் மட்டும் பெட்ரோல் வழியாக எரிந்த காரீயம் சுமார் 70 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது குழந்தையின் உடம்புக்குள் என்ன செய்கிறது? காரீயம் கால்சியத்தைப் போல நடிக்கும். உடம்பு அதைச் சத்து என்று நம்பி உள்ளே விடும், எலும்பில் சேர்த்து வைக்கும், மூளைக்குள்ளும் அனுப்பும். பெரியவர்களின் குடல் விழுங்கிய காரீயத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஈர்க்கிறது. குழந்தையின் குடல் பாதியளவு வரை ஈர்த்துவிடும். இரும்புச்சத்தும் கால்சியமும் இல்லாத வயிறு இன்னும் அதிகமாக ஈர்க்கும். அது போய்ச் சேதப்படுத்தும் இடங்களில் முக்கியமானது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. ஆத்திரம் வரும்போது கையை நிறுத்துவதும், செய்யப்போகும் காரியத்தின் விளைவை ஒரு கணம் முன்னால் நினைத்துப் பார்ப்பதும் அந்தப் பகுதியின் வேலை. வளர்ப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் கட்டுரையாளருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாயும் தகப்பனும் ஆசிரியரும் பொறுமையைக் கற்றுக்கொடுப்பது அந்த இடத்தில்தான். கற்றுக்கொடுத்தது தங்குவதற்கான இடத்தையே காரீயம் அரித்துவிடுகிறது.

இனி அந்தச் சோதிடக் குற்றச்சாட்டு. இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறி இறங்கினால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆய்வாளர் ரிக் நெவின் 2000இல் பெட்ரோல் காரீயத்தின் கோட்டையும் வன்முறைக் குற்றங்களின் கோட்டையும் சுமார் 20 ஆண்டு இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டியபோது, அது வெறும் கேள்வியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு 20 ஆண்டுகளாக அந்தக் கேள்வியைப் பலர் பல விதமாகச் சோதித்திருக்கிறார்கள். கட்டுரையாளர், தனக்குச் சாதகமான ஒரே ஓர் ஆய்வைத் தவிர, 2000லேயே நின்றுவிட்டார். முதல் கேள்வியை மட்டும் எடுத்து நையப்புடைத்துவிட்டு, பின்னால் வந்த பதில்களை வாசகரின் கண்ணிலேயே காட்டாமல் விட்டது நேர்மையான விவாதம் ஆகாது.

சின்சினாட்டியில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அந்த நகரின் பழைய, ஏழைக் குடியிருப்புகளில் 1979 முதல் 1984 வரை பிறந்த குழந்தைகளை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிப் பின்தொடர்ந்தார்கள். திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துக் காரீயத்தை அளந்தார்கள். அவர்கள் பெரியவர்கள் ஆனதும் 250 பேருடைய கைது விவரங்களைப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவு இது: ஆறு வயதில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராம் கூடும்போது, வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாகும் விகிதம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான வறுமையில், ஒரே மாதிரியான தெருக்களில் வளர்ந்தவர்கள். தாயின் கல்வி, அறிவுத்திறன், குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு மிஞ்சிய தொடர்பு இது. அதே குழுவினரின் மூளையை ஸ்கேன் எடுத்தபோது, சிறுவயதில் காரீயம் அதிகம் இருந்தவர்களின் முன்மூளைப் பகுதிகள் சுருங்கியிருந்தன. பெண்களைவிட ஆண்களுக்கு அந்தச் சுருக்கம் அதிகம்.

வறுமைதான் காரணம், காரீயம் வறுமையின் நிழல்தான் என்று அப்போதும் ஒருவர் சொல்லலாம். கட்டுரையாளர் அதைத்தான் சொல்கிறார். அதற்கும் பதில் வந்துவிட்டது. ஸ்வீடனில் பாசி காற்றிலிருந்து உறிஞ்சிய காரீயத்தை அரசு பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருந்தது. எந்த ஊரில் எந்த ஆண்டு எவ்வளவு காரீயம் என்ற அந்தப் பதிவை, அங்கே பிறந்த பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தார்கள். வசதியும் நலத்திட்டங்களும் நிறைந்த ஸ்வீடனிலும், அமெரிக்காவைவிடக் குறைந்த அளவுக் காரீயத்திலும், குற்றத்தின் மேல் அதன் தாக்கம் தெரிந்தது. சிகாகோவில் இன்னும் நேரடியாகப் பார்த்தார்கள். பெருஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான மக்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் புகை போகிறது. புகை போன பக்கத்தில் அன்றைக்கு வன்முறைக் குற்றம் சுமார் 2 விழுக்காடு கூடுகிறது. நாளை காற்று திரும்பினால் எதிர்ப்பக்கத்தில் கூடுகிறது. இது காரீயத்தைப் பற்றிய ஆய்வு இல்லை, பொதுவான காற்று மாசைப் பற்றியது. ஆனாலும் கட்டுரையாளர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை சாலையின் கிழக்குப் பக்கத்துத் தாய்மார்களும் செவ்வாய்க்கிழமை மேற்குப் பக்கத்துத் தாய்மார்களும் பிள்ளை வளர்க்க மறந்துபோகிறார்களா?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வட கரோலினாவின் சார்லட் நகரத்துச் சான்று. அங்கே ரத்தப் பரிசோதனையில் அடுத்தடுத்து இரண்டு முறை 10 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைகளின் வீட்டுக்கு ஆட்களை அனுப்பிக் காரீயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்; சத்துணவுக்கும் மருத்துவக் கவனிப்புக்கும் வழி செய்வார்கள். முதல் முறை தாண்டி, இரண்டாம் முறை மயிரிழையில் தாண்டாமல் போன குழந்தைகளுக்கு அந்த அளவு கவனிப்பு இல்லை. இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள். வளர்ந்த பிறகு பார்த்தால், கவனிக்கப்பட்டவர்கள் பள்ளியில் தண்டனை பெறுவதும் கைதாவதும் குறைவாக இருந்தது. படிப்பும் மேலாக இருந்தது. யாரும் அவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை. நஞ்சின் வழியை அடைத்தார்கள், உணவைச் சரிசெய்தார்கள். சோதிடத்தில் பரிகாரம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் இப்படி அளந்து காட்டக்கூடிய வித்தியாசம் வருவதில்லை.

வறுமையைக் காரீயத்துக்குப் போட்டியாக நிறுத்துவதே பிழை. பழைய பெயின்ட் உரியும் வாடகை வீடு ஏழைக்குத்தான் வாய்க்கிறது. பெருஞ்சாலை ஓரமும் உருக்காலையின் பின்புறமும் ஏழைக்குத்தான் வாய்க்கின்றன. சத்தில்லாத வயிறு அதிகக் காரீயத்தை ஈர்க்கிறது, அந்த வயிறும் ஏழையுடையது. வறுமை எந்தெந்த வழிகளில் ஒரு பிள்ளையைக் கெடுக்கிறது என்று எழுத உட்கார்ந்தால், அந்த வழிகளில் ஒன்றாகக் காரீயத்தையும் எழுத வேண்டும்.

இரண்டாவது தீர்ப்புக்கு வருகிறேன். வளர்ப்புதான் எல்லாம் என்ற இந்த வாதத்தை 1995இலேயே ஒருவர் சொல்லிப் பார்த்துவிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டிலூலியோ. அமெரிக்கத் தெருக்களில் வளரும் சிறுவர்கள், பெரும்பாலும் கறுப்பினச் சிறுவர்கள், ஒழுக்க வறுமையில் பிறந்து வளர்ந்த ‘சூப்பர் பிரிடேட்டர்’கள், இரக்கமே அறியாத வேட்டை மிருகங்கள், அவர்களின் அலை வந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். அரசியல்வாதிகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1990களில் அநேகமாக எல்லா மாநிலங்களும் சிறுவர்களைப் பெரியவர்களாக வைத்து விசாரிப்பதை எளிதாக்கிச் சட்டம் போட்டன. அலை வரவில்லை. 1991இல் அமெரிக்காவில் நடந்த கொலைகள் சுமார் 24,700. 1999இல் சுமார் 15,500. இளைஞர்களின் வன்முறை உயர வேண்டிய ஆண்டுகளில் சரிந்தது. அந்த ஆண்டுகளில் பதின்பருவத்தை எட்டியவர்கள் யார்? 1975க்குப் பிறகு, காரீயம் இல்லாத பெட்ரோல் பரவத் தொடங்கிய காலத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள். 1976 முதல் 1980 வரை அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் சராசரியாக 15 மைக்ரோகிராம் அளவில் இருந்த காரீயம், 1991ஐ எட்டும்போது 4க்கும் கீழே வந்துவிட்டது. டிலூலியோ பிற்பாடு வருந்தினார். 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சிறுவர்களுக்குச் சாகும்வரை சிறை கூடாது என்ற வழக்கில், அந்தக் கணிப்பு தவறாகிவிட்டது என்று சொன்ன மனுவில் அவரும் கையெழுத்திட்டார். சொன்னவரே கைவிட்ட வாதத்தை நம் கட்டுரையாளர் தூசி தட்டிக் கொண்டுவந்து தமிழில் வைத்திருக்கிறார்.

தமிழர்களுக்கு இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்ன கூட்டத்தில் பிறந்தவன் இன்ன தொழில்தான் செய்வான் என்று நம்பி, 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. அந்தச் சட்டத்தின்படி ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். குற்றத்தைப் பிறப்பிலும் வளர்ப்பிலும் தேடுகிறவர்கள் கடைசியில் போலீசின் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்கிறார்கள்.

குற்றம் குறைந்ததற்குக் கடுமையான போலீசும் நிரம்பிய சிறைகளுமே காரணம் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். கனடாவைப் பார்க்கச் சொல்கிறேன். 1990களில் கனடா தன் சிறைகளை அமெரிக்கா போல நிரப்பவில்லை. குற்றம் அங்கேயும் அமெரிக்காவோடு சேர்ந்தே இறங்கியது.

இத்தனைக்கும் அவர் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. 11 வயதில் ரத்தத்தில் காரீயம் அளக்கப்பட்ட 553 பேரைப் பார்த்ததில், குற்றத் தண்டனைகளோடு அதற்கு இருந்த தொடர்பு பலவீனமாகவே இருந்தது. 2018இல் வெளியான இதை அவர் வெற்றிக்கொடியாகப் பிடிக்கிறார். நான் இந்த ஆய்வை மறைக்கப் போவதில்லை. கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு அது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். டுனெடினில் பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பேதமில்லாமல் அநேகமாக எல்லோருக்கும் காரீயம் ஏறியிருந்தது. சராசரியே 11 மைக்ரோகிராம். இன்று கவலைக்குரியது என்று கருதப்படும் அளவுக்குக் கீழே இருந்தவர்கள் அங்கே மிகச் சிலர். நஞ்சு ஏறாத கூட்டமே இல்லாத இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவது? அதே பிள்ளைகளை 38 வயதில் பார்த்தபோது, காரீயம் அதிகம் இருந்தவர்களின் அறிவுத்திறன் குறைந்திருந்தது, பெற்றோரைவிடக் கீழான தொழில்நிலைக்கு இறங்கியிருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வுக் குழுவே வெளியிட்ட முடிவு. காரீயம் அங்கேயும் மூளையைத் தின்றது. அது சிறை வரை போகிறதா என்பது, தடுமாறும் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட வேலையும் நடந்திருக்கிறது. 24 ஆய்வுகளை எடுத்து, சாதகமான முடிவுகளே அதிகம் அச்சாகின்றன என்ற கோணலையும் திருத்தி, 2022இல் மூவர் வெளியிட்ட கணக்கு, அமெரிக்கக் கொலைகள் குறைந்ததில் 7 முதல் 28 விழுக்காடு வரை காரீயம் குறைந்ததால் வந்தது என்கிறது. குற்றம் முழுவதற்கும் காரீயமே காரணம் என்று முழங்கியவர்களுக்கு இது அடி. அப்படி முழங்கியவர்களோடு நான் இல்லை. ஆனால் அந்தக் கீழ் எல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் குறைந்த ஆயிரக்கணக்கான கொலைகளில் 7 விழுக்காடு என்பது உயிரோடு வீடு திரும்பிய மனிதர்களின் எண்ணிக்கை. அதை ஒன்றுமில்லை என்று தள்ளக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது?

கடைசியாக, வக்காலத்துக் குற்றச்சாட்டு. இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பால்டிமோர் நகரத்துக் கறுப்பின இளைஞர் ஃபிரெடி கிரே 2015 ஏப்ரலில் போலீஸ் காவலில் படுகாயம் அடைந்து இறந்தார். வயது 25. அவர் இறந்ததும் அவருடைய கைதுப் பட்டியலைத்தான் பலர் எடுத்துப் போட்டார்கள். அவர் வளர்ந்த வாடகை வீட்டில் காரீய பெயின்ட் உரிந்து விழுந்தது. இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே அவர் ரத்தத்தில் இருந்த காரீயம் 37 மைக்ரோகிராம். இதற்காக அவருடைய குடும்பம் வீட்டு உரிமையாளர் மீது வழக்குப் போட்டது. அந்தக் குழந்தைக்கு நஞ்சு ஏறிக்கொண்டிருந்தபோது எந்தப் போலீசும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவன் வளர்ந்து தெருவுக்கு வந்த பிறகு தட்டினார்கள். இந்த வரிசையைச் சுட்டிக்காட்டினால் அது குற்றவாளிக்கு வக்காலத்தா? குத்தியவன் தண்டனை பெற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. குத்துப்பட்டவரின் குடும்பத்துக்கு நீதி வேண்டும். அடுத்த குத்து விழாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் காரீயத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

குற்றம், குற்றவாளி என்ற சொற்களில் கட்டுரையாளருக்கு இவ்வளவு பற்று இருந்தால், நான் ஒரு குற்றத்தை அவர் முன் வைக்கிறேன். இனோஸ்பெக் என்ற நிறுவனம் பெட்ரோலில் கலக்கும் இதே காரீயச் சேர்மத்தைத் தயாரித்து விற்றது. பணக்கார நாடுகள் எல்லாம் கைவிட்ட பிறகு, ஏழை நாடுகள்தான் அதற்குச் சந்தை. இராக்கிலும் இந்தோனேசியாவிலும் காரீயப் பெட்ரோல் நீடிக்க வேண்டும் என்பதற்காக அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்ததை, 2010இல் அமெரிக்க, பிரிட்டன் நீதிமன்றங்களில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. முன்னாள் நிர்வாகிகள் சிலர் 2014இல் பிரிட்டனில் தண்டனை பெற்றார்கள். குழந்தைகளின் மூளையில் நஞ்சு ஏறுவது ஒரு நாள்கூட நின்றுவிடக் கூடாது என்று லஞ்சம் கொடுத்தவர்கள் இவர்கள். கண்டிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று இவர்களை யாரும் சொல்வதில்லை. வளர்ப்பைப் பற்றிய அந்த நீண்ட கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்ற வரியோடு அவர் முடிக்கிறார். முடிப்பதற்குச் சற்று முன்னால் வடசென்னைப் பையன்களை வளர்ப்புக் கோளாறுக்கு உதாரணமாகக் காட்டுகிறார். அங்கே ஓடும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டியவர்களின் வளர்ப்பைப் பற்றி ஏதும் சொல்லாமல், அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி மட்டும் எழுத அவரால் முடிந்திருக்கிறது. சென்னையின் குழந்தைகளை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 3 முதல் 7 வயது வரையுள்ள 756 சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்த ஆய்வு 2009இல் வெளியானது. சராசரிக் காரீயம் 11.4 மைக்ரோகிராம். அவர்களின் ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்களோடு ஒப்பிட்டபோது, காரீயம் கூடக் கூடப் பதற்றம் கூடியது, கவனச் சிதறல் கூடியது, மற்ற பிள்ளைகளோடு பழகுவதில் சிக்கல் கூடியது. வாத்தியார் அடங்காத பிள்ளை என்று பெஞ்சின் மேல் ஏற்றியது இந்தக் குழந்தைகளில் எத்தனை பேரை? 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் ஏறிய குழந்தைகள் 80 கோடி. அதில் சுமார் 27.5 கோடி இந்தியாவில். இதற்கு மேலும் இது மேல்நாட்டுச் சமாச்சாரமா?

பெட்ரோலில் காரீயத்தை இந்தியா 2000 பிப்ரவரியில் நிறுத்தியது. அதோடு வேலை முடியவில்லை. இன்வெர்ட்டரிலும் ஆட்டோவிலும் பைக்கிலும் இருக்கும் பேட்டரி செத்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கிருந்து கணக்கில் வராத உலைகளுக்குப் போகிறது. கோடரியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். உருக்குகிறவர் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறார். பேட்டரிக் கழிவுக்கு 2001இல் ஒரு விதி, 2022இல் ஒரு விதி வந்திருக்கின்றன. உலை இன்னும் எரிகிறது. அரசு பள்ளிக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதிக்கிறது, பல் பரிசோதிக்கிறது. காரீயத்துக்காக ஒரு துளி ரத்தம் எடுப்பதில்லை. வடசென்னைப் பையன் கைதானால் அவன் கைரேகை போலீசிடம் இருக்கும். அவன் ரத்தத்தில் எவ்வளவு காரீயம் இருந்தது என்ற விவரம் எவரிடமும் இருக்காது.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. வங்கதேசத்தில் மஞ்சள்தூளுக்கு நிறம் ஏற்றுவதற்காகக் காரீய குரோமேட்டைக் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காரீயம் இருந்தது. ஆய்வாளர்கள் அரசிடம் போனார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மொத்தச் சந்தையில் இறங்கிச் சோதித்து, கலந்தவர்களுக்கு எல்லோரும் பார்க்க அபராதம் போட்டார்கள். கலப்பு மஞ்சள் உயிருக்குக் கேடு என்று நாடெங்கும் அறிவித்தார்கள். 2021இல் மாதிரிகளில் காரீயம் இருந்த விகிதம் பூஜ்யம். மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் கணிசமாகக் குறைந்தது. இரண்டே ஆண்டுகளில் இது நடந்தது. கலந்த வியாபாரியின் கையைப் பிடித்தார்கள். அந்த மஞ்சளைப் போட்டுக் குழம்பு வைத்த தாய்க்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை.